சோளம் தின்ற நாரை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. குறை கதையிலா, என் சந்தேக புத்தியிலா என்றும் தெரியவில்லை. சொன்னவள் என் அக்கா. பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் உண்மையை முழுதாகப் பரிமாறுகிறவளும் இல்லை.

அத்தானுக்கு உத்தியோகம் இறகு ஆராய்ச்சி. அழிந்துவரும் நாரைகள் எங்கெங்கே போய்வருகின்றன என்று உதிர்ந்த இறகை வைத்தே சொல்லிவிடுவார். இறகு முளைக்கும்போது பறவை எதைத் தின்றதோ, எந்தத் தண்ணீரைக் குடித்ததோ, அதன் சுவடு இறகிலேயே தங்கிவிடுமாம். "மனுஷன் பொய் சொல்வான், இறகு சொல்லாது" என்பது அவருடைய வேதவாக்கு.

நாரையின் வயிற்றை அறிந்தவருக்குத் தன் வயிறு வசப்படவில்லை. கொழுப்பு ஏறிவிட்டதென்று மருத்துவர் சொன்ன அன்றே அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றினாள். மூன்று வேளையும் வேகவைத்த பூசணிக்காய். "உங்களுக்கு இல்லாத ருசி எனக்கும் வேண்டாம்" என்று அவளும் அதையே தின்றாள். அத்தான் உருகிப்போனார்.

உருக்கம் ஒரு வாரம் தாங்கியது. பிறகு ஞாயிறுதோறும் சதுப்புநிலத்தில் இறகு பொறுக்கப் போவதாகக் கிளம்பி, பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த மீன் வறுவல் கடையில் போய் உட்கார்ந்தார். ஒரு ஞாயிறு அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"எங்கே இறகு?"

அத்தான் தயாராக இருந்தார். சாப்பிட்டவர்கள் கை கழுவும் கடைக் கொல்லையில் பொறுக்கிய வெள்ளை இறகை, மந்திரவாதி மாதிரி சட்டைப் பையிலிருந்து உருவினார்.

"நாரையா?"

"பின்னே? அக்மார்க் நாரை!"

"மீன் வாசம் அடிக்குதே?"

"நாரை மீன் திங்காம புல்லா திங்கும்?"

"வறுத்த மீன் வாசம்ங்க."

"வெயில் அப்படிக் காயுது!"

அக்கா இறகை வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் அவருடைய அலுவலகப் பையில், மற்ற இறகு உறைகளுக்கு நடுவே அதையும் ஓர் உறையில் போட்டுச் செருகினாள்.

அத்தான் இறகைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. நறுக்கி இயந்திரத்தில் போடுவது உதவியாளர். இவர் எண்களை மட்டும் பார்ப்பார். பார்த்தவர் செருப்பை மறந்து வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அடியே! நாரைக்குப் புத்தி மாறிடுச்சு! ஒரு நாரை சதுப்புநிலத்துப் பக்கமே போகலை. சோளம் திங்குது, குழாய்த்தண்ணி குடிக்குது! உலகமே மூக்குல விரல் வைக்கப்போகுது!"

"இறகு பொய் சொல்லாதுல்ல?"

"சத்தியமா சொல்லாது!"

"அப்போ அது நாரை இல்லைங்க. மீன் கடைக் கொல்லையில திரியுற வாத்து. சோளம்தான் தின்னும். கை கழுவுற குழாயடியிலதான் தண்ணி குடிக்கும்."

தன் திருட்டைத் தானே ஆராய்ந்து, தானே முடிவும் அறிவித்த ஒரே விஞ்ஞானி சுவரில் சாய்ந்தார். அன்றிலிருந்து ஞாயிறும் வீட்டில்தான், பூசணிக்காயுடன். அக்கா மட்டும் காய் வாங்கப் போய் வருவாள்.

போன மாதம்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்:

"ஏன்க்கா, சாப்பிட்டவங்க மட்டும் போற கொல்லையில, அந்த வாத்து எங்கே தண்ணி குடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"