பெரியவரைக் காட்டிக்கொடுத்தது யார்?

இன்று முதல் தன் குடும்பம் ஒரு திருட்டுக் குடும்பம் என்று தம்புசாமி முடிவு செய்தார்.

திருடுவதற்காக அல்ல. அதற்கெல்லாம் அவருக்குத் துணிச்சல் போதாது. மலாய் நாட்டில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாகப் பதினோரு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறார். அந்தப் பதினோரு வருஷத்தில் ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு பென்சில். அதையும் மறுநாள் காலையில் மனைவி கோமளா அவர் காதிலேயே செருகித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எல்லாம் ரேடியோ செய்த வேலை. வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு ‘பூட்டுக்காரர் வீடு’ என்று ஒரு தொடர் நாடகம். பகலில் ஊரார் பூட்டையெல்லாம் பழுது பார்த்துக் கொடுக்கிற குடும்பம், ராத்திரியில் அதே பூட்டுகளைத் திறந்து உள்ளே போகும். மூன்று பிள்ளைகள், ஒரு மருமகன், அம்மணி என்ற வீட்டுக்காரம்மா. இத்தனை பேருக்கும் தலைவர் பெரியவர். பெரியவர் கத்த மாட்டார். திட்ட மாட்டார். ஒரே ஒரு தரம் இருமுவார். ‘க்கும்.’ அவ்வளவுதான். சுவர்க்கடிகாரம்கூட மூச்சைப் பிடித்துக்கொள்ளும். “ஆகட்டுங்க ஐயா” என்று நாலு குரல் ஒன்றாக வரும்.

அந்த இருமலைக் கேட்டதும் தம்புசாமியின் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். தூரத்து நிலையம். குரல் கடலலை மாதிரி வரும், போகும். அலை வரும்போது வீட்டுப் பலகைச் சுவர் கரையும். இன்னோர் அலை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் கரையும். லயத்தைச் சுற்றி அவசரகாலத்துக்காகப் போட்ட முள்வேலியும் நூல் நூலாகப் பிரிந்து பனியோடு போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு பளிங்குப் படிக்கட்டு. அதன் உச்சியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட தம்புசாமி. கீழே கைகட்டி நிற்கிறாள் கோமளா. அவர் மெதுவாக இருமுகிறார்...

“ஏங்க, இருமல் வந்தா வெளிய போய் இருமுங்க. அப்படியே கோழியப் புடிச்சு அடைச்சிட்டு வந்துடுங்க.”

பளிங்குப் படிக்கட்டு கோழிக் கூண்டாகிவிடும்.

இப்படிப் பத்து வாரம் பொறுத்தார். பதினோராவது வாரம் கோழியை அடைத்துவிட்டு வந்து, இறகு ஒட்டிய தலையோடு அறிவித்தார்.

“கோமளா! இனிமே இந்த வீடு பூட்டுக்காரர் வீடு மாதிரி நடக்கும். நான்தான் பெரியவர்.”

“சரிங்க.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வரியை மறந்துவிட்டார்.

“பெரியவர்னா என்னா வேலைங்க செய்வாரு?”

“திட்டம் போடுவார்.”

“என்னா திட்டம்?”

“அதைக் கேக்கக் கூடாது.”

“கோழிய யாரு அடைப்பா?”

“அதையும் கேக்கக் கூடாது. இன்னொண்ணு. போலீஸ் வந்து விசாரிச்சா குடும்பத்துல யாருக்கும் யாரையும் தெரியாது. ‘இவர் யாரு’ன்னு கேட்டா ‘தெரியாது’ன்னு சொல்லணும். உயிரே போனாலும். அதான் குடும்பக் கட்டுப்பாடு.”

“ஐயோ, கட்டின புருசனக்கூடவா?”

“முக்கியமா அவரைத்தான்.”

“ஆகட்டுங்க ஐயா” என்றாள் கோமளா. குரல் அப்படியே ரேடியோவில் வருகிற குரல். தம்புசாமிக்குப் புல்லரித்தது. அவள் வாயோரத்தில் என்னமோ துடித்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் அப்போது படிக்கட்டின் உச்சியில் இருந்தார்.

பன்னிரண்டாவது வாரம் நாடகத்தில் இடி விழுந்தது. பெரியவர் வீட்டுப் பின்வாசலைப் போலீஸ் சரியான நேரத்தில் வந்து தட்டியது. உள்ளேயிருந்து யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். யார்? பிள்ளையா? மருமகனா? பெரியவர் இருமினார். இந்தத் தடவை யாரும் “ஆகட்டுங்க” சொல்லவில்லை. ‘அடுத்த வாரம் கடைசிப் பகுதி’ என்று அறிவிப்பாளர் சொல்லும்போதே அவர் குரல் கொசு மாதிரி மெலிந்து போயிற்று.

பேட்டரி!

செங்கல் கனத்துக்கு இருக்கிற ரேடியோ பேட்டரி. புதுசு வாங்க வேண்டுமானால் போலீஸ் ஸ்டேஷன் கடுதாசி வேண்டும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடக்கூடாதாம். கடுதாசி வர இரண்டு வாரமாகும். ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி பஸ் ஏறி, பாச்சாங்கில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஜமாலுதீனிடம் பேட்டரியைக் காட்டினார். அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி, மீட்டர் கம்பியை வைத்து முள்ளைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“கிராணி, இதுல இன்னும் முக்கா மணி நேரம் உசுரு இருக்கு. பாத்துக் கேளுங்க லா.”

நாடகம் அரை மணி நேரம். தாராளமாகப் போதும். ஆனால் தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பாட்டு நிகழ்ச்சி இருக்கிறதே! கோமளாவும் பக்கத்து வீட்டு மாரியம்மாவும் காலை நீட்டிக்கொண்டு கேட்பார்களே!

“வியாழக்கிழமை வரைக்கும் யாரும் ரேடியோவைத் தொடக் கூடாது. பெரியவர் உத்தரவு.”

“ஆகட்டுங்க ஐயா.”

புதன்கிழமை மூன்று மணிக்கு ஸ்டோரிலிருந்து ஓடி வந்து ரேடியோ முதுகில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

“என்னா இது, ரேடியோவுக்குக் காய்ச்சலா?”

“வெயிலுங்க.”

“வெயில் அந்தப் பக்கம். ரேடியோ இந்தப் பக்கம்.”

“இப்பத்தாங்க வெயிலு அந்தப் பக்கம் போச்சு. நீங்க வர்றதப் பாத்திருக்கும்.”

இனிப் பேச்சு உதவாது என்று தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்தார். கோமளா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தம்புசாமி தன் சொந்த வீட்டிலேயே கன்னம் வைத்தார். நுனிக்காலில் நடந்தார். பேட்டரியைக் கழற்றினார். தினசரித்தாளில் சுற்றி, கணக்குப் புத்தகப் பைக்குள் இறக்கினார். வேலிக்கு வெளியே இருந்த ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டு ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டு வந்தால் முடிந்தது. பெரியவர்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. வெயிலில் ரப்பர் மரங்கள் சிவந்த இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தன. எல்லாம் தனக்காக விரித்த கம்பளம் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் மிதந்து மிதந்து வேலி கேட்டுக்கு வந்தார்.

கேட்டுக் காவலர்கள் பையைத் திறக்கச் சொன்னார்கள். சிவப்புக் கம்பி ஒன்றும் கறுப்புக் கம்பி ஒன்றும் தலையை நீட்டின.

அந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த மலாய்க் கார்ப்பரல் இரண்டடி பின்னால் போனார். காவலுக்கு நின்ற மருதமுத்து மொழிபெயர்த்தான்.

“இது என்னான்னு கேக்கறாரு, கிராணியாரே.”

“ரேடியோ பேட்டரி.”

“ரேடியோ எங்கன்னு கேக்கறாரு.”

“வீட்டுல.”

“ரேடியோ வீட்டுல இருக்க, பேட்டரி மட்டும் ஏன் காட்டுப் பக்கமா நடந்து போவுதுன்னு கேக்கறாரு.”

பெண்டாட்டியிடமிருந்து ஒளித்து வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மருதமுத்து காதில் விழுந்தால் நாலு மணிக்குள் நாலு லயத்துக்கும் தெரிந்துவிடும். தம்புசாமி பெரியவரை நினைத்துக்கொண்டார். கம்பீரமாக ஒரு தரம் இருமினார்.

கார்ப்பரல் தண்ணீர் கொடுத்தார்.

“மருதமுத்து, உனக்கு என்னைத் தெரியாதா?”

“உங்களைத் தெரியும் ஐயா. பொட்டியத் தெரியாதே லா.”

அடையாளக் கார்டு வேறு சட்டையில் இருந்தது. வீட்டு ஆள் வந்து, இவர் இன்னார், இது இன்னதுதான் என்று சொல்லட்டும் என்று கார்ப்பரல் தீர்ப்பளித்தார். சேதி சொல்லி அனுப்பினார்கள். தம்புசாமியைக் காவல் கொட்டகைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மதியக் காற்று அடித்தது. பெஞ்சு மெல்லப் படகாயிற்று. படகு பளிங்குப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறியது. உச்சியில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ‘நீதானே என்னைக் காட்டிக்கொடுத்தது?’ என்று கேட்கப் போனார். அந்த உருவம் திரும்பியது...

“எந்த ஆளுங்க?”

கோமளா. மணி ஐந்தரை. தலை வாரி, பூ வைத்து, மாரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“வந்துட்டியா! சொல்லும்மா, இவங்ககிட்ட சொல்லு!”

“இந்த ஆளைத் தெரியுமான்னு கேக்கறாரு, அக்கா” என்றான் மருதமுத்து.

கோமளா அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். கீழே விழுந்த சாமானைத் தேடுகிற மாதிரி மறுபடி காலிலிருந்து தலைக்கு வந்தாள்.

“தெரியாதுங்களே.”

“கோமளா!”

“பேரெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்காரு. பயமா இருக்கு மாரியம்மாக்கா.”

“ஏண்டி, பாக்க நம்ம கிராணியாராட்டம் இல்ல?”

“மூக்கு கொஞ்சம் ஒத்துப் போவுது. ஆனா அவரு இந்நேரம் ஸ்டோர்ல இருப்பாரு. ரொம்ப யோக்கியருக்கா. பொண்டாட்டி பொருளத் தொடவே மாட்டாரு.”

மருதமுத்து முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு “தாக் கெனால், துவான்” என்றான். தெரியாதாம் என்று கார்ப்பரலுக்குப் புரிந்துவிட்டது.

தம்புசாமி கண்ணால் கெஞ்சினார். கோமளா குனிந்து, காதோடு சொன்னாள்:

“போலீஸ் கேட்டா யாருக்கும் யாரையும் தெரியாதுன்னு பெரியவர் உத்தரவுங்க. உயிரே போனாலும்.”

பிறகு நிமிர்ந்து, பேட்டரியைக் காட்டி, “இது மட்டும் என்னோடதுங்க. மத்தியானத்திலேருந்து காணோம்னு தேடறேன். எங்கண்ணன் கல்யாணத்துக்குக் குடுத்த ரேடியோ. லைசென்ஸு என் பேர்ல இருக்கு, பாருங்க” என்று கடுதாசியை நீட்டினாள். கார்ப்பரல் எழுத்துக் கூட்டிப் படித்து, பேட்டரியை மரியாதையாக அவள் கையில் கொடுத்தார்.

“தம்பி, அந்த ஆளுக்குக் குடிக்க ஏதாச்சும் குடுங்க. பாவம், யாரு பெத்த புள்ளையோ.”

ஆறு மணி. காற்றில் நாடகத்தின் ஆரம்ப இசை மிதந்து வந்தது. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவர் வீட்டு வாசலில்தான். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு சொல் வரும், அந்தப் பக்கம் போனால் அதுவும் இல்லை. “...பெரியவரே, நான்...” காற்று போய்விட்டது. “...சத்தியமா அந்த ராத்திரி...” லாரி ஒன்று உறுமியது. தம்புசாமி கொட்டகைச் சட்டத்தில் காதை ஒட்டி வைத்தார். யாரோ அழுதார்கள். நாடகத்திலா வாசலிலா தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இலைகள் விழுந்துகொண்டே இருந்தன. பதின்மூன்று வாரமும் இலை இலையாக அவர் கண்முன் உதிர்ந்தது.

ஆறரைக்குக் கோமளா அடையாளக் கார்டோடு வந்தாள்.

“இவராங்க? இவரு எங்க வீட்டுக்காரர்தான். வெயில்ல கறுத்துட்டதால சட்டுன்னு அடையாளம் தெரியல.”

கார்ப்பரல் கார்டைப் பார்த்தார். கோமளாவைப் பார்த்தார். கடைசியாகத் தம்புசாமியை வெகு நேரம் பார்த்து, தோளில் கை வைத்து மலாயில் ஏதோ சொன்னார்.

“தனக்கும் வீட்டுல சம்சாரம் இருக்காங்களாம்” என்றான் மருதமுத்து.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தம்புசாமி கோபப்பட முயன்றார். முடியவில்லை. ஒரே கேள்விதான் கூடவே நடந்து வந்தது.

“கோமளா... யாரு காட்டிக்கொடுத்தது?”

“அடேயப்பா, பெரிய கதைங்க. ஏழு மணிக்கு ஊரடங்கு வேற. பைப்புல தண்ணி நிக்கறதுக்குள்ள டிரம்ம ரொப்பிடுங்க, சொல்றேன்.”

வாளியைத் தூக்கினார். முதல் நடைக்கு, மூத்த பிள்ளை இல்லை என்று தெரிந்தது. அவன் அந்த நேரம் கோவிலில் இருந்தானாம். இரண்டாவது நடைக்கு, நடுப் பிள்ளையும் இல்லை. மூன்றாவது நடைக்குச் சின்னவன் அழுதே தப்பித்துக்கொண்டான். நாலாவது நடைக்கு மருமகன் மேல் சந்தேகம் வந்தது. ஐந்தாவது நடைக்கு அது தீர்ந்துவிட்டது. கை இரண்டும் முழம் முழமாக நீண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வாளிக்கும் பூட்டுக்காரர் வீட்டின் ஒரு கதவு திறந்தது. அவர் கனவில் நடக்கிறவர் மாதிரி நடந்தார்.

ஆறாவது வாளியில் டிரம் வழிந்தது. தூரத்தில் ஊரடங்குக்கு மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். தம்புசாமி வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“இப்பச் சொல்லு. யாரு?”

கோமளா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“எல்லாரும் வாயடைச்சு நிக்கறாங்க. பெரியவர் இருமறாரு. அப்ப அம்மணி முன்னால வந்து, ‘நான் சொல்றேங்க, யாருன்னு’ அப்படிங்கறாங்க.”

“ம்!”

“அதோட பேட்டரி தீந்துபோச்சுங்க.”