சுவிசேஷமுத்துவின் இரண்டு வண்டிகள்

"வெல்டா" என்றார் மனைவி அற்புதமேரி.

"கோரிஸ்" என்றாள் மகள் ஆட்ரி.

நடுவில் உட்கார்ந்திருந்த சுவிசேஷமுத்து தோசையைப் பிய்த்தார். சிங்கப்பூரில், அவர்களுடைய பொங்கோல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்து நாளாக இதே பாட்டுத்தான். பழைய காரை ஓட்ட அரசாங்கம் கொடுத்த பத்து வருஷ உரிமை இந்த மாதத்தோடு முடிகிறது. அதை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். பெரிய குடும்ப வண்டியாக வாங்குவது என்பதில் மூவரும் ஒன்றுபட்டார்கள். ஒன்றுபட்டது அதோடு சரி.

"ஏன் வெல்டான்னு சொல்லேன் மேரி."

"நமக்கு அதுதாங்க நல்லது. கேள்வி கேக்காதீங்க."

"ஆட்ரி, நீயாவது சொல்லும்மா."

"கோரிஸ்தான் பெட்டர் லா, டாடி. ட்ரஸ்ட் மீ."

காரணத்தை இரண்டு பேரும் சொல்லவில்லை. முத்துவே யூகித்துக்கொண்டார். தேக்கா மார்க்கெட்டில் வாங்கும் மீன் பைகளை அடுக்க வெல்டாவில் இடம் அதிகம். கோரிஸில் டிவி மாதிரி பெரிய திரை. பொம்பளைகளுக்கு வண்டியைப் பற்றி வேறென்ன தெரியும்?

அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். கிரேன் ஓட்டியவனுக்குக் கார் எந்த மூலைக்கு என்பது அவர் கட்சி. அவர் காரைக் கிளப்பியதுமே அற்புதமேரி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். பின்சீட்டில் ஆட்ரி கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒருத்திக்கு பக்தி, ஒருத்திக்குத் தூக்கம், அவ்வளவு சுகமாக ஓட்டுகிறோம் என்று முத்துவுக்கு உள்ளூரப் பெருமை.

முதலில் சுலபமான வழி ஒன்றைப் பிடித்தார். அடுப்படியில் மனைவியிடம், "வெல்டாவே எடுத்துடலாம், ஆட்ரிகிட்ட சொல்லாதே" என்றார். லிஃப்டில் மகளிடம், "கோரிஸ்தான், அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார்.

அன்று சாயங்காலம் அற்புதமேரி பாயசம் வைத்தார். ஆட்ரி கேக் வாங்கி வந்தாள்.

"எதுக்குடி கேக்கு?"

"எதுக்கும்மா பாயசம்?"

அவ்வளவுதான், குட்டு உடைந்தது. பாயசத்தையும் கேக்கையும் முத்து ஒருவரேதான் தின்று தீர்க்க வேண்டியிருந்தது.

"சரி, ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று அடுத்த வழிக்குத் தாவினார்.

தெம்பனிஸில் இரண்டு வண்டியையும் விற்கும் கடை இருந்தது. விற்பனையாளர் ஜாஃபர் தங்கமான மனுஷர். ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்து வெல்டாவை ஓட்ட, ஜாஃபர் முன்சீட்டில் உட்கார்ந்து மேல்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். கடை வண்டியின் மேல் என்ன பாசம் என்று முத்து நினைத்துக்கொண்டார்.

"அப்படியே கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போயிடலாங்க" என்றார் அற்புதமேரி.

கோயில் வளாகத்தில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. முத்து அங்கே விட்டார். பூசை முடிந்து மந்திரிப்பதற்காகப் புது வண்டிகளை நிறுத்தும் வரிசை அது என்பது, ஃபாதர் ஆர்னால்ட் தீர்த்தச் செம்போடு எதிரில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"முத்து! சொல்லவே இல்லையே!"

"ஃபாதர், இது வந்து, இன்னும் வாங்க..."

அதற்குள் கண்ணாடியெல்லாம் தீர்த்தம். வண்டிக்கு ஒரு தரம் தெளித்த ஃபாதர், முத்துவின் தலையில் மூன்று தரம் தெளித்தார்.

"அங்கிள், பன்னெண்டு மணிக்கு இதை ஓட்டிப் பாக்க வேற கஸ்டமர் வராங்க" என்று காதோரம் முனகினார் ஜாஃபர்.

"மந்திரிச்ச வண்டியத் திருப்பிக் குடுக்கிறதா? மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தார் அற்புதமேரி.

விஷயம் கேட்டு ஆட்ரி குதித்தாள். "திஸ் இஸ் சீட்டிங்! அம்மா வண்டிக்கு மட்டும் ஆசீர்வாதமா?"

நியாயம்தானே என்று பட்டது முத்துவுக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்க்க வாங்கிய கோரிஸைக் கொண்டுபோய் அதே வரிசையில் நிறுத்தினார். ஃபாதர் ஆர்னால்டின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"ரெண்டாவதா?"

சிங்கப்பூரில் ஒருவர் ஒரு கார் வைத்திருந்தாலே ஊர் திரும்பிப் பார்க்கும். ஒரே மாதத்தில் இரண்டு என்றால் விடுமா? சாயங்காலத்துக்குள் முத்துவுக்கு லாட்டரி விழுந்துவிட்டது என்று பங்குக் கோயில் முழுக்கப் பேச்சு. பாடகர் குழு ரத்தினம்மா போன் செய்தார்.

"தம்பி, ஒண்ணை நீங்க வச்சுக்குங்க. இன்னொண்ணைப் பாட்டுக் குழுவுக்கு விட்டுடுங்களேன்."

"அக்கா, என்கிட்ட ஒண்ணுகூட இல்லைக்கா!"

"பணம் வந்தா பேச்சும் மாறிடுது பாருங்க" என்று ரத்தினம்மா போனை வைத்துவிட்டார்.

"இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போறது?" என்றார் அற்புதமேரி. அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. ஆட்ரியும் வாயை மூடிக்கொண்டாள். உப்பு வேண்டுமென்றால்கூட ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டினார்கள். மூன்று நாள் வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. வண்டி போனால் மயிரே போச்சு, இந்த இரண்டு குரலும் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று முத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாதம் முடிய இரண்டே நாள். பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகத் தெம்பனிஸுக்குப் போனார். வாசலில் நின்ற ஜாஃபர், அவர் காரை நிறுத்தி முடிக்கும்வரை தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பிறகு வெளியே வந்தார்.

"ஜாஃபர், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. வெல்டா எடுத்தா மக பேச மாட்டா. கோரிஸ் எடுத்தா பொண்டாட்டி பேச மாட்டா. அப்படி என்னதான் இருக்கு அந்த வண்டிங்கள்ல? மீன் பையா? டிவியா? வீடு வீடா இல்லைப்பா."

ஜாஃபர் தலையைச் சொறிந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள்" என்றார். "ஆண்ட்டியும் ஆட்ரியும் தனித்தனியா வந்து ஒரே கேள்விதான் கேட்டாங்க, 'முன்னால ஏதாச்சும் வந்தா, இவரைக் கேக்காம தானாவே பிரேக் போடுற வண்டி எது'ன்னு. ரெண்டுமே போடும்னு சொன்னேன், எது சீக்கிரம் போடும்கிறதுலதான் இப்ப அவங்களுக்குள்ள தகராறு."