ஒரு கண்ணில் சிரித்த மீன்

கடலைக் காப்பாற்ற ஒரு மகான் எங்கள் மீன் சந்தைக்கு வந்து சேர்ந்தார். கடலைக் காப்பாற்றுகிறவர் கடலுக்குப் போகாமல் சந்தைக்கு ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கடலில் கூட்டம் சேராது என்பது காரணமாக இருக்கலாம்.

கண்வாசிப்பார் என்று அவருக்குப் பட்டம். செத்த மீனின் கண்ணை உற்றுப் பார்ப்பார். தூண்டிலுக்குத் தானே விரும்பி வந்ததா, வலையில் இழுபட்டு அழுததா, கடல் மனமுவந்து கொடுத்ததா, மனிதன் களவாடியதா, எல்லாம் அந்தக் கண்ணுக்குள் தெரியுமாம். சிரித்துச் செத்த மீனுக்கும் அதை விற்கிற கடைக்கும் பச்சை ஸ்டிக்கர். அழுது செத்த மீனைத் தின்றால் அந்த அழுகை வீட்டுக்குள் புகுந்துவிடும், வந்த வரனும் தட்டிப்போகும் என்றார்.

அவ்வளவுதான். கால் வைக்க இடமில்லை. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், வங்கி மேலாளர், பல் மருத்துவர், எல்லாரும் தட்டில் மீனை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பச்சை ஸ்டிக்கர் மீனை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாங்கி, கடலைக் காப்பாற்றிய களைப்போடு வீட்டுக்குப் போனார்கள்.

முனைக் கடைக்காரிக்கு மட்டும் ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. சின்னப் படகில் தூண்டில் போடுகிறவர்களிடம்தான் அவள் மீன் எடுப்பாள். சினை மீனைத் தொடமாட்டாள். ஆனால் முதல் நாளே அவரைச் சீண்டிவிட்டாள். கண்ணைப் பார்ப்பது இருக்கட்டும், எந்தப் படகில் வந்த மீன் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து அவள் கடை மீனெல்லாம் அழுது செத்தவை ஆயின. எதிர்க்கடையில் விரல் நீளக் குஞ்சு மீன்கள் குவிந்து கிடந்தன. அவையெல்லாம் விழுந்து விழுந்து சிரித்துச் செத்தவை. எதிர்க்கடைக்காரர் அவரைக் கவனித்த கவனிப்பு அப்படி.

சந்தைச் சங்கத் தலைவர் வந்தார். தன் மோட்டார் சைக்கிளுக்கும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பவர். ஸ்டிக்கர் இல்லாத கடையால் சந்தை பேரே கெடுகிறது, மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த ஒரு கடைதான்.

வீட்டில் தன் நாத்தனாரிடம் புலம்பினாள். நாத்தனாருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்லும் வேலை.

"பேசாம அவரு கால்ல விழுந்துடவா?" என்றாள் கடைக்காரி.

"எதுக்கு அண்ணி? கண் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

"அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அவருக்கு இல்ல, மீனுக்கு. எங்க கடையில ஒரு கண்ணை மூடிட்டுத்தான் இன்னொரு கண்ணைப் பாப்போம். இவரு என்னிக்காவது மீனைத் திருப்பிப் போட்டுப் பாத்திருக்காரா?"

கடைக்காரி யோசித்தாள். பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஒரு பெரிய மீனின் தலையை எடுத்து, வாயிலிருந்து பிடரி வரை நேராக இரண்டாகப் பிளந்தாள். பாதிக்கு ஒரு கண். இடது பாதியைத் தட்டில் வைத்து நாத்தனார் வரிசையில் நின்றாள். எதிர்க்கடையில் வாங்கினேன் என்றாள். கண்வாசிப்பார் குனிந்தார், உருகினார். தூண்டிலில் ஆசையாக வந்த மீனாம். சாகும்போது சிரித்ததாம். பச்சை ஸ்டிக்கர்.

பின்னால் நின்றவர் அவர்களுடைய பக்கத்து வீட்டுப் பேருந்து நடத்துனர். அவர் தட்டில் வலது பாதி. முனைக் கடையில் வாங்கினேன் என்றார். கண்வாசிப்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலையில் மாட்டி விடிய விடிய அழுத மீனாம். வீட்டுக்குக் கொண்டுபோனால் குடும்பம் கலைந்துவிடுமாம்.

நாத்தனார் இரண்டு பாதியையும் எடுத்து, புத்தகத்தை மூடுவது போல ஒன்றாகச் சேர்த்தாள். எலும்பு எலும்போடு பொருந்தியது. வெட்டுத் தடம்கூடத் தெரியவில்லை.

"ஐயா, ஒரே தலை. இந்தக் கண்ணு சிரிச்சுது, அந்தக் கண்ணு அழுதுச்சா?"

கண்வாசிப்பாருக்கு வேர்த்தது. ஆனால் பக்தர்கள் சும்மா விடுவார்களா? பல் மருத்துவர் முன்னால் வந்து, மீனுக்கும் மனப் போராட்டம் இருந்திருக்கலாமே என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் போட்டன.

"இருக்கட்டும் டாக்டர். அப்போ இதைக் கொழம்பு வெச்சா உங்க வீட்டுல யாரு சிரிப்பாங்க, யாரு அழுவாங்க?" என்றாள் நாத்தனார்.

யாரோ குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவிய பிறகு எந்த மகானும் நிற்க முடியாது. கடலைக் காப்பாற்ற வேறொரு சந்தை பாக்கியிருப்பது அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டிக்கர் சுருளைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார். சங்கத் தலைவர் மோட்டார் சைக்கிள் பக்கம் போய் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கடையைக் காலி பண்ணச் சொன்னது அவருக்கு நினைவே இல்லையாம்.

முனைக் கடைக்காரி கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பல் மருத்துவரின் மனைவி வந்து நின்றாள். ஸ்டிக்கர் இல்லாமல் எதை நம்பி வாங்குவது என்று இழுத்தாள்.

"எங்க பிடிச்சது, எதுல பிடிச்சது, சினைக் காலமான்னு என்னைக் கேளும்மா. நான் பொய் சொன்னா படகுக்காரரைக் கேளு. நாளைக்கு நல்ல ஸ்டிக்கரே வந்தாலும், ஒட்டினது யாரு, எதைப் பாத்து ஒட்டினாங்கன்னு கேளு."

"இவ்வளவு கேக்கணுமா?"

"மீனுக்கு இமை கிடையாதும்மா. செத்தாலும் கண்ணை மூடத் தெரியாது. உனக்கு இமை இருக்குங்கறதுக்காக எந்நேரமும் மூடியே வெச்சிருக்கணுமா?"