நாலால் வகுத்த தவளைகள்

உலகத்திலேயே தவளைகளைப் பிழையில்லாமல் எண்ணத் தெரிந்த ஒரே அலுவலகம் எங்கள் குளப் பாதுகாப்பு அலுவலகம்தான். நான் அங்கே கணக்கெடுப்பு எழுத்தர் என்பதால் சொல்லவில்லை, உண்மை அது.

மற்றவர்கள் தலையை எண்ணி ஏமாறுவார்கள். குளத்தில் பிடித்துத் தொட்டியில் விட்டால் தவளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் இருப்பதன் தலை தெரியாது, கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நாங்கள் கால்களை எண்ணி நாலால் வகுப்போம். ‘தலை எண்ணுவது தோராயம், கால் எண்ணுவது விஞ்ஞானம்’ என்பது மேலதிகாரியின் சுற்றறிக்கை.

ஓர் ஆண்டு நூற்று அறுபது கால், நாற்பது தவளை. அடுத்த ஆண்டு நூற்று எண்பது கால். நாற்பத்தைந்து தவளைகள்! அலுவலகமே கைதட்டியது. ஆய்வக அக்கா மட்டும் தட்டவில்லை.

“சார், தொட்டியில இருந்தது முப்பதுதான். ஒவ்வொண்ணுக்கும் ஆறு கால்.”

“ஆறா?” என்றார் மேலதிகாரி. “வளர்ச்சிதானேம்மா அது?”

“வளர்ச்சி இல்ல சார், புழு. நம்ம புல்வெளிக்குப் போடற உரம் மழையில குளத்துக்குப் போகுது. பாசி பெருகுது, அதைத் தின்னு நத்தை பெருகுது. நத்தைக்குள்ள இருந்து தட்டைப்புழுவோட குஞ்சுங்க வெளியே வந்து, தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கிற இடத்துல புகுந்துடுது. கால் கோணலா, கூடுதலா முளைக்குது. தாவ முடியாத தவளையைக் கொக்கு சுலபமா பிடிச்சிடும். புழுவுக்கு வேண்டியதும் அதுதான், கொக்கு வயித்துலதான் அது முட்டை போடும். மழைக்கு முன்னாடி உரத்தை நிறுத்துங்க சார். இல்லேன்னா அடுத்த வருஷம் தவளையே இருக்காது.”

மேலதிகாரி பொறுமையின் சிகரம். “தவளை கூடியிருக்கற நேரத்துல உரத்தை நிறுத்தினா மேலிடம் என்னைக் கேக்காதா? இன்னும் ரெண்டு மூட்டை போடச் சொல்லுங்க.”

அக்கா என் மேசைக்கு வந்தார். “தம்பி, நீயாவது ஆறால வகுத்துக் குடேன்.”

“படிவத்துல நாலுன்னு அச்சடிச்சிருக்கே அக்கா.”

அவர் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மறு ஆண்டு காலையிலிருந்து மாலைவரை வலை போட்டும் ஒரே ஒரு தவளைதான் கிடைத்தது. எட்டுக் கால். எந்தக் காலை முதலில் எடுப்பது என்று தெரியாமல் தொட்டியின் மூலையில் உட்கார்ந்திருந்தது. அக்கா அதன் பக்கத்தில் நின்றிருந்தார். நான் விதிப்படி எட்டை நாலால் வகுத்து, விடையை மேலதிகாரியிடம் நீட்டினேன்.

“ரெண்டா?” அவர் முகம் மலர்ந்தது. “அப்பாடா, ஒரு ஜோடி மிஞ்சியிருக்கு! குட்டி போட்டுப் பெருகிடும், விடுங்க.”

கையெழுத்துப் போட்டேன். சன்னலுக்கு வெளியே எங்கள் புல்வெளி பச்சைப்பசேலென்று இருந்தது. தவளையை முடமாக்கிய புழுவுக்காவது கொக்கின் வயிற்றில் ஒரு வேலை இருந்தது. எங்களுக்கு அந்த நியாயம்கூட இல்லை.