தங்கள் தங்கை கடலில் குப்புறக் கிடந்த விவரம்

அட்டுவம்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான், பெருமாள்மலை டயர் கடை சைமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை அருள்மேரியின் கணவனும், கொடைக்கானல் ஏரியில் படகு விட்டு ஓய்வு பெற்றவனுமாகிய கஸ்பார் பணிவுடன் எழுதுவது. சலேத் மாதா புண்ணியத்தில் இங்கே நானும் நாயும் நலம். அருள்மேரி நலத்தையும் தாண்டிப் போய்விட்டாள். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். அங்கே அக்காவின் மூட்டுவலியும் தங்கள் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். தங்களுக்குப் போன் போட்டால் அதை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல் மேல் வைத்துவிட்டு டயரைக் கழற்ற உட்கார்ந்துவிடுகிறீர்கள். போன தடவை என் மூலத் தொந்தரவை நான் ரகசியமாகச் சொல்லப்போய், வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் கேட்டு, முகம் தெரியாத ஒரு அம்மா கண்டக்டரிடம் எனக்குத் துத்தி இலை கொடுத்தனுப்பினார். இலை நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் இந்த விஷயம் ஸ்பீக்கருக்கு ஏற்றதல்ல, மச்சான்.

போர்ட் பிளேரில் நர்ஸாக இருக்கும் நம் மகள் செலினா வீட்டுக்குப் போன மாதம் நாங்கள் போய்வந்தது தங்களுக்குத் தெரியும். அங்கே என்ன நடந்தது என்பது தெரியாது. எங்கள் கல்யாண நாளுக்கு என்று அவள் ஒரு படகுப் பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். "சின்ன குரூப்புப்பா, கூட்டமே இருக்காது. தீவு தீவா கூட்டிட்டுப் போவாங்க. நடுவுல நிறுத்தி நிறுத்தி நீந்தலாம்" என்றாள். தாண்டிக்குடி ஜீப்பில் நடுவில் நிறுத்தி டீ குடிக்கலாம் என்று சொல்வார்களே, அப்படி ஏதோ ஒன்று என்று நான் தலையாட்டிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். ஏரியில் நீந்த அனுமதியும் இல்லை, அந்தக் குளிரில் நீந்த எவனுக்கும் பைத்தியமும் இல்லை. படகில் போனவன் படகோடு திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

காலையில் துறைக்குப் போனால் தங்கள் தங்கை, காலோடு ஒட்டிய செலினாவின் பேண்ட்டும் மேலே ஒரு தொளதொள சட்டையும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். ஹாஸ்டல் வார்டனாக இருந்த காலத்தில் பிள்ளைகள் துப்பட்டாவை மறந்தால் வாசலிலேயே நிறுத்தி வைத்தவள் இவள். நான் மலைக்காரன் முறைப்படி ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா, தைல பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடற்காற்று சளிக்கு ஆகாது. அந்த வெயிலில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

படகோட்டி வேலப்பன் என்று ஒரு தம்பி. தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போனவர்களாம், நல்ல தமிழ் பேசினார். நல்ல மனிதர், ஆனால் படகை நடத்தத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். ஆட்கள் இஷ்டத்துக்கு நிற்கிறார்கள், கையை வெளியே விடுகிறார்கள், கோயம்புத்தூர்ப் புது மாப்பிள்ளை ஒருவர் கனத்த சரீரம், அவர் ஓர் ஓரமாக உட்கார்ந்து படகே சாய்கிறது. எத்தனை வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? சாவிக்கொத்தில் இன்னும் என் பழைய விசில் இருக்கிறது. அதை எடுத்து ஊதிவிட்டேன். "எந்திரிக்காதீங்கம்மா! சார், நடுவுல வந்து உக்காருங்க! கையை உள்ள எடுங்க!" எல்லாரும் பயந்துபோய் உட்கார்ந்தார்கள். ஏதோ ஆபத்து என்று பக்கத்தில் போன இன்னொரு படகும் நின்றுவிட்டது. வேலப்பன் மட்டும் மெதுவாக என் தோளில் கை வைத்து, "ஐயா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார். படகில் என்னைப் பார்த்து உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அருள்மேரி வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

முதல் தீவில் துறை என்று எதுவும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து போகவேண்டுமாம். எல்லாரும் இறங்கினார்கள், தங்கள் தங்கையும் இறங்கினாள், அதுவும் "ஹா" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு. நான் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "இங்க செருப்ப யாருங்க எடுக்கப் போறா, நண்டா?" என்று கேட்டாள். பொறுப்பு என்று வந்துவிட்டால் கேலிக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் கரையில் இளநீர் குடித்ததை நான் படகிலிருந்தே பார்த்தேன்.

இரண்டாவது நிறுத்தம்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். கரையும் இல்லை, தீவும் தள்ளி இருக்கிறது, நடுக்கடலில் எஞ்சினை அணைத்துவிட்டு வேலப்பன், "இங்கதான் மீன் நல்லாத் தெரியும், எறங்குங்க" என்கிறார். நான் "எங்க எறங்குறது?" என்றேன். "தண்ணியிலதான் ஐயா." படகிலிருந்து ஒருவரும் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதே என்று தொண்டை கிழியக் கத்தியே நரைத்தவன் நான். என் கண்ணெதிரே ஒரு படகோட்டி ஆட்களைத் தன் கையாலேயே தண்ணீரில் இறக்கிவிடுகிறார்! கோயம்புத்தூர் மாப்பிள்ளையின் புதுப்பெண்ணுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, தைலத்தை எடுத்து அவள் நெற்றியில் தேய்த்துவிட்டேன். அந்த நேரத்தில் அருள்மேரி லைஃப் ஜாக்கெட்டும் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு வளைந்த குழாயைக் கடித்துக்கொண்டு, வேலப்பன் கையைப் பிடித்து இறங்கிவிட்டாள். போகும்போது குழாயோடு என்னிடம் என்னவோ சொன்னாள், புரியவில்லை.

பையில் விருப்பாச்சி வாழைப்பழம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்று உரித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், மச்சான், அருள்மேரி குப்புறக் கிடக்கிறாள். கை இரண்டும் அகன்று கிடக்கிறது. கால் ஆடவில்லை. முடிச்சு அவிழ்ந்து நரைமுடி தண்ணீரில் விரிந்து அசைகிறது. அந்த விளையாட்டே அப்படித்தானாம், குப்புறப் படுத்துக் குழாயில் மூச்சு விட்டபடி கீழே மீன் பார்ப்பதாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டியிருக்காது.

நான் கத்திய சத்தம் எனக்கே கேட்டது. கையில் பழத்தோலோடு குதித்துவிட்டேன். ஸ்வெட்டரை மட்டும் கழற்றி வைத்திருந்தேன். பூசைக்குப் போடும் பேண்ட், மப்ளர், குல்லா, மேலே லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்துத்தான். அந்த ஜாக்கெட் என்னை மூழ்கவும் விடவில்லை, போகவும் விடவில்லை. எப்படி அடித்துக்கொண்டு போனேனோ, முதலில் அவள் கால் கிடைத்தது, அப்புறம் தலைமுடி கிடைத்தது, பிடித்து இழுத்துத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

"ஏங்க! கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? மீனு பாத்துக்கிட்டு இருக்கேன்ல!"

"உசுரோட இருக்கியா?"

"இல்லாமயா பேசுறேன்? முடிய விடுங்க மொதல்ல!"

வேலப்பனும் கோயம்புத்தூர் மாப்பிள்ளையும் எங்கள் இரண்டு பேரையும் தூக்கிப் படகில் போட்டார்கள். குல்லா தனியாக மிதந்து போனதை மாப்பிள்ளைதான் நீந்திப்போய் எடுத்து வந்தார், நடுவில் வந்து உட்காரச் சொல்லி நான் விசில் ஊதியதை மனதில் வைத்துக்கொள்ளாமல். எனக்கு உடம்பு நடுங்கியது. அப்போது அந்தப் படகில் ஒரு ஸ்வெட்டர் இருந்தது, அதைக் கொண்டுவந்தது யார் என்பதை எல்லாரும் யோசித்துப் பார்க்கட்டும். மூன்றாவது நிறுத்தமான தீவில் நாங்கள் இறங்கவில்லை. மற்றவர்கள் போன பிறகு, பாறை நிழலில் நின்ற படகில், அருள்மேரி ஈரத்தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னத்துக்குங்க அப்படிக் கத்துனீங்க? அது உங்க கொரல் மாதிரியே இல்லயே" என்று கேட்டாள்.

இவ்வளவு காலம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். உங்களுக்கும் இப்போது சொல்கிறேன். நம் ஏரியில் சில விடிகாலைகளில் என்ன கிடக்கும் என்று ஊருக்குத் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். எங்கே பாசி, எங்கே சேறு என்று தெரிந்தவன் என்பதால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பனி விலகியிருக்காது. துடுப்பை மெதுவாகப் போட்டுப் போவேன். எல்லாரும் குப்புறத்தான் கிடப்பார்கள், முடி மட்டும் அசையும். திருப்புவது என் சோலி. திருப்புகிற அந்த நேரத்தில், ஆண்டவரே, தெரிந்த முகமாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். பெரும்பாலும் எங்கிருந்தோ வந்த சின்ன வயதுப் பிள்ளைகள்தான். கரை சேர்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அதே படகைக் கழுவி, அதே தண்ணீரில் புதுமணத் தம்பதிகளை ஏற்றி, "சிரிங்க சார், போட்டோ எடுக்குறாங்கள்ல" என்று சொல்லுவேன். வீட்டுக்கு வந்து வெந்நீரில் ரொம்ப நேரம் குளிப்பேன், சோறு வேண்டாம் என்பேன், அவள் கேட்டால் குளிர் என்பேன். அவளும் குளிர் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

அன்றைக்குக் கடலில் திருப்பினேன், தெரிந்த முகம். ஆனால் நான் திருப்பிய முகங்களிலேயே கண்ணைத் திறந்து என்னைத் திட்டிய முகம் அது ஒன்றுதான், மச்சான். எனக்கு அழுகை வந்துவிட்டது, உப்புத்தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அருள்மேரி ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து என் விரல்வரைக்கும் மூடிவிட்டாள். அப்புறம், "தண்ணிய நீங்க மேல இருந்தே பாத்துட்டீங்க. கீழ என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. மஞ்சளா, கோடு போட்டு, கூட்டங்கூட்டமா மீனுங்க. நான் ஒருத்தி தலைக்கு மேல கெடக்கேன்னு ஒரு மீனுக்குக் கவலை இல்ல" என்றாள். பிறகுதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னாள். ஊருக்குத் திரும்பியதும் நாங்கள் இருவரும் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன். வந்த வாரமே திண்டுக்கல்லில் ஒரு நீச்சல்குளத்தை விசாரித்துவிட்டாள். சனிக்கிழமைகளில் வயதானவர்களுக்குத் தனி நேரமாம், ஒரு மாஸ்டர் சொல்லித்தருவாராம். பேரன் பேத்தி எடுத்த பிறகு, வாராவாரம் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, தண்ணீரில் படுத்துவிட்டு, மறுபடியும் அத்தனை வளைவும் ஏற வேண்டும். ஆகவே மச்சான், தாங்கள் மூத்தவர், தங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வந்து, சளி பிடிக்கும் என்று சொல்லுங்கள். மூட்டு என்று சொல்லுங்கள். பங்குச் சாமியார் என்ன நினைப்பார் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள். தண்ணீருக்கும் எனக்கும் உள்ள கணக்கு முடிந்துவிட்டது, இனி நான் அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்பதை அவளுக்கு எப்படியாவது புரியவைக்க வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பான வணக்கம். பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பில் ஒரு சிலுவை அடையாளம். மாதா தங்கள் கடையையும், கடைக்கு முன்னால் பஞ்சராகும் எல்லா வண்டிகளையும் காப்பாற்றுவாராக.

தங்கள் தங்கையின் நன்மையை மட்டுமே நினைக்கும்,
கஸ்பார்.

பி.கு.: இந்தக் கடிதத்தை எழுதி ஸ்வெட்டர் பையில் வைத்துத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. அவள் வெள்ளனே கிளம்பிவிட்டாள், தனியாக அனுப்ப மனமில்லை, செருப்புக்குக் காவல் இருக்கலாம் என்றுதான் நானும் போனேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் புத்திமதி சொல்ல வரவேண்டாம். அதற்குப் பதிலாக வரும் சனிக்கிழமை வெரசாக ஜீப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், பஸ்ஸில் முட்டி மடக்கி உட்கார முடியவில்லை. தங்களுக்கும் ஒரு துண்டு எடுத்துவாருங்கள், வயதானவர்கள் நேரம்தான், சேர்த்துக்கொள்வார்கள். போன சனிக்கிழமை குளத்து ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றேன். அருள்மேரி என் பிடரியில் கை வைத்து, "முகத்த உள்ள விடுங்க, கண்ணத் தொறங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். விட்டேன். திறந்தேன். அடியில் நீலக் கல் பதித்திருக்கிறார்கள், மச்சான். வேறு யாரும் இல்லை.