வெள்ளைக்காரருக்கு விட்ட வீடு

“ஐயா, வெள்ளைக்காரர் குந்துற கக்கூசுக்குப் போகமாட்டாங்க. கொமட் வெச்சாத்தான் வீடு போகும்,” என்றான் வாடகை ஏஜென்சிக்காரன் துசாந்தன்.

கனகசிங்கம் தலையாட்டினார். சுனாமி வந்து நாலு மாதம். பெரியகல்லாற்றில் அவருடைய வீட்டில் மிஞ்சியது கிணற்றுக்கட்டு மட்டும். அவரும் மனைவி இராசாத்தியும் பள்ளிக்கூட வளவில் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். மட்டக்களப்பு டவுனில், வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கென்று கட்டிய மாடிவீடு பூட்டிக் கிடந்தது.

“நாம அங்க போய் இருந்தா என்ன?” என்று இராசாத்தி கேட்டாள்.

“விசர்க் கதை கதைக்காத. என்ஜிஓக்காரர் மாசம் நாற்பதாயிரம் தாறாங்களாம். ஒரு வருசம் பொறுத்தா ஊரில வீட்ட எழுப்பிரலாம்.”

கொமட் வைக்க இராசாத்தியின் காப்பு அடகுக்குப் போனது. கொமட்டுக்குத் தண்ணீர் பத்தவில்லை, மாடிக்கு மேலே தண்ணீர்த் தாங்கி ஒன்று வைத்தார்கள். தாங்கியின் பாரத்தில் கொங்கிறீட் தட்டு வெடித்தது. வெடிப்பைப் பூச வந்த மேசன் கரண்ட் வயரை அறுத்துவிட்டுப் போனான்.

“மிச்சத்த நாங்க செய்து வாடகையில கழிப்பம். இதில கையெழுத்து வையுங்க, ஐயா,” என்று துசாந்தன் ஒரு தாளை நீட்டினான்.

வைத்தார்.

ஒருவழியாக ஒரு நிவாரண நிறுவனம் குடிவந்தது. முதல் மாத வாடகை ஏஜென்சியின் தரகு. இரண்டாம் மாத வாடகை வயருக்கும் பூச்சுக்கும் போனது. மூன்றாம் மாதம் கொமட் உடைந்ததில் வாடகையும் போய், கனகசிங்கம்தான் ஏஜென்சிக்கு மூவாயிரம் தரவேண்டும் என்று கடிதம் வந்தது.

“வீடும் குடுத்துக் காசும் குடுக்கிறமா?” என்றாள் இராசாத்தி.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏஜென்சிக்குப் போனார். “வீட்டத் திருப்பித் தாங்க, தம்பி.”

“நீங்க கையெழுத்து வெச்சது ரெண்டு வருச ஒப்பந்தம், ஐயா. முறிச்சா ஆறு மாச வாடகைய நீங்க கட்டோணும்.”

மழை தொடங்கியது. கூடாரத்துக்குள் கணுக்காலளவு தண்ணீர். சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் புதுவீடு கிடைத்தது, பட்டியலில் இவர் பெயரை மட்டும் காணவில்லை. வீடு கட்டிக்கொடுப்பது யார் என்று விசாரித்தார். அவருடைய மாடியில் குடியிருக்கும் அதே நிறுவனம்தான்.

கனகசிங்கம் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். காவலாளியிடம் இலக்கத்துண்டு வாங்கிக்கொண்டு, தன் விறாந்தையில் இரண்டு மணிநேரம் காத்திருந்தார்.

உத்தியோகத்தர் ஆர்த்திகா பட்டியலைப் புரட்டினாள். “உங்கட பேர வெட்டியிரிக்கு, ஐயா. வாடகை வருமானம் உள்ளவராம்.”

“புள்ள, அந்த வீடு இதுதான். எனக்கு ஒரு சதம் வரல்ல. வேணுமெண்டா ஏஜென்சியக் கேட்டுப்பாருங்க.”

தேநீர் கொண்டுவந்த அலுவலகப் பியூன் வல்லிபுரம் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்.

“அவங்களுக்கிட்டத்தான் கேட்டது, ஐயா. ஆருக்கு டவுனில வீடு இரிக்கெண்டு பார்த்துப் பேர வெட்டித் தாறதும் அவங்கதான். ஒரு பேருக்கு ஐந்நூறு ரூவா குடுக்கிறம்.”