ஆளில்லாத முன் வரிசை

முன் வரிசையில் ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் உட்கார ஒரு இடமும் இல்லை.

மாஸ்டருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துணி கிடந்தது. பச்சைக் கைக்குட்டை, பூப்போட்ட துண்டு, யாரோ ஒரு அம்மாளின் சால்வை, குழந்தைத் தொப்பி. ஓரத்து நாற்காலியில் ஒரு தலையணை உறைகூட இருந்தது. மனிதர்கள் வீட்டில் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருக்க, அவர்கள் வீட்டுச் சலவைத்துணி முன்னாடியே வந்து கச்சேரி கேட்க உட்கார்ந்துவிட்டது.

“என்னய்யா அக்கிரமம் இது?” என்று வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார். “ஆரம்பிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள எவன்யா வந்து துணி போட்டது?”

“துணி கிடந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம் மாஸ்டர். நம்ம மன்றத்து வழக்கம் அதுதானே.”

“அந்த ஆள் எவன்னு கேக்குறேன்.”

“அதெல்லாம் நான் எங்க பாத்தேன்?” என்று வாட்ச்மேன் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

மாஸ்டர் என்றால் பாட்டு மாஸ்டரோ நடன மாஸ்டரோ இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மன்றத்துக்கு எதிர்ச்சாரியிலேயே அவருடைய பயிற்சிப் பள்ளி. அவர் காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்காரும் அவர் காலடியிலும் ஒன்று இருக்கும். வருஷக்கணக்காக அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டே பழகிப்போய், வீட்டில் மனைவி வெங்காயம் நறுக்கினால்கூட அவர் வலது கால் தரையை அழுத்தும். தான் பக்கத்தில் இல்லாவிட்டால் உலகத்தில் எதுவும் நேராகப் போகாது என்று மனுஷர் மனதார நம்பினார்.

இன்றைக்கு மன்றத்தின் கலை மாலை. வாசலில் தட்டி வைத்திருந்தார்கள். முதலில் குரலிசை, அதன் பிறகு நாடகம், கடைசியில் கிடார் குழு, நடுவே விருப்பமுள்ளவர்கள் ஓவியங்களைப் பார்க்கலாம். குரலிசை என்று போட்டிருந்ததே, அது அவருடைய மகள்தான். மேடையில் தனியாக நின்று ஒரு முழுப் பாட்டு. மன்றத்து இசைக்குழுவை நடத்தும் அம்மாள் கேட்க வருகிறார். ஒழுங்காகப் பாடினால் குழுவில் இடம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும்.

பள்ளி ஆண்டுவிழாவில் இதே பெண் மூன்றாவது சரணத்தில் திகைத்து நின்றபோது, முன் வரிசையிலிருந்து எழுந்து, வாயசைத்து, கையசைத்து, வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் காட்டி அவளைக் கரைசேர்த்தவர் மாஸ்டர். அன்று தான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை, அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்.

“அத்தான், இங்க வாங்க!” என்று மச்சினன் கூப்பிட்டான். மனைவியின் தம்பி, எதற்கும் அலட்டிக்கொள்ளாத பிறவி. “மூணாவது வரிசையில ரெண்டு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். மின்விசிறிக்கு நேர் கீழ.”

“மூணாவது வரிசையில உக்கார நான் என்னடா மூணாம் மனுஷனா? பெத்த அப்பன்! அவ தலையை நிமிர்த்தினா என் முகம்தான் தெரியணும்.”

“அங்க இருந்தும் தெரியும் அத்தான். உங்க முகம் என்ன சின்ன முகமா?”

மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பச்சைக் கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்தார்.

வாட்ச்மேன் ஓடினார். ஓடிய வேகத்தில் செயலாளர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாளும் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கார் கற்றவர்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது மாஸ்டர் போட்ட கூச்சலில், இன்றுவரை எங்கே போனாலும் முன்னால் மட்டுமே ஓட்டுகிறார்.

“மாஸ்டர், எடுத்த துணியை எடுத்த இடத்துலயே வச்சிடுங்க.”

“என்னம்மா நியாயம் இது? துணிக்குக் காது இருக்கா? அது பாட்டு கேக்குமா? கால் கடுக்க வந்து நிக்கிற மனுஷனுக்கு இடம் கிடையாது, தலையணை உறைக்கு முதல் மரியாதையா?”

“போன பொதுக்குழுவுல, துணி போட்ட இடத்துல அடுத்தவங்க உக்காந்தா அது அநாகரிகம்னு எழுந்து நின்னு சண்டை போட்டதே நீங்கதானே? நீங்க கேட்டுத்தானே அதைத் தீர்மானமா போட்டோம்?”

உண்மைதான். அன்றைக்கு மாஸ்டருடைய துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எவனோ உட்கார்ந்திருந்தான். அது வேறு, இது வேறு என்று எடுத்துச் சொன்னார். எப்படி வேறு என்று அந்த அம்மாள் கேட்டார். மாஸ்டர் விருட்டென்று எழுந்தார்.

“முன் வரிசையிலதானே இடமில்ல? அதுக்கும் முன்னாடி இருக்குல்ல?”

விடுவிடுவென்று தெருவைக் கடந்து, பள்ளியில் பூட்டைத் திறந்து, தன் அலுவலக நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பினார். முன் வரிசைக்கும் மேடைக்கும் நடுவே அதை வைத்துச் சட்டமாக அமர்ந்தார். நாற்காலி கொண்டு வரக்கூடாது என்று எந்தத் தீர்மானமும் இல்லை. செயலாளர் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மாஸ்டரின் வெற்றி கொஞ்ச நேரம்தான் நீடித்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த சலூன்காரர் நேரே கடைக்குப் போய், முடிவெட்டும் சுழல்நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தையற்காரர் முக்காலியோடு வந்தார். டீக்கடை பெஞ்சை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஒரு குடும்பம் சோபாவோடு வந்தது. மாஸ்டருக்கு முன்னால் ஒரு வரிசை முளைத்து, அதற்கு முன்னால் இன்னொன்று முளைத்து, கடைசி ஆளின் முழங்கால் மேடையில் இடித்தது. சுழல்நாற்காலியின் முதுகைத் தவிர மாஸ்டர் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

“யோவ், இறக்குய்யா நாற்காலியை!”

“இதை இறக்கவெல்லாம் முடியாது மாஸ்டர், ஏத்தத்தான் முடியும்,” என்று சலூன்காரர் மிதியை மிதித்து இன்னும் ஒரு அடி உயர்ந்தார்.

நாடகக்காரர்கள் தங்கள் அரண்மனைக் கதவை உள்ளே கொண்டுவர வழியில்லாமல் கத்தினார்கள். கிடார் குழுவின் ஒயர் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. செயலாளர் அம்மாள் மைக்கைப் பிடித்தார்.

“வெளி நாற்காலி ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. இதை ஆரம்பிச்சு வச்ச மாஸ்டரே எல்லாத்தையும் வெளியில கொண்டுபோய் வைக்கணும். அதுக்கப்புறம்தான் நிகழ்ச்சி.”

“நான் ஏம்மா சலூன் நாற்காலியைத் தூக்கணும்? நான் கொண்டு வந்தது ஒண்ணே ஒண்ணு!”

“மாஸ்டர், மெதுவா ரிவர்ஸ்ல போங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மன்றமே கைதட்டிச் சிரித்தது. அதில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். திட்டு வாங்கியதையெல்லாம் வட்டியோடு தீர்த்துக்கொண்டார்கள்.

தன்னால் மகளின் பாட்டு தள்ளிப்போகக் கூடாதே என்ற ஒரே காரணத்துக்காக மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். முக்காலி, பெஞ்ச், சோபா என்று ஒவ்வொன்றாக வெளியேறியது. சலூன் நாற்காலி வாசற்படியில் ஒருதரம் சுழன்று அவரையே இடித்துத் தள்ளியது. வியர்த்து விறுவிறுத்து உள்ளே திரும்பினால், மூன்றாவது வரிசையில் அவருடைய இடத்தில் ஒரு பருத்த மனிதர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

“என்னடா இது?”

“நீங்கதான் மூணாம் மனுஷன் இல்லன்னு சொல்லிட்டீங்களே அத்தான். பாவம், நின்னுட்டிருந்தார்.”

மச்சினனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, தன் நாற்காலியையாவது பள்ளியில் போட்டுவிட்டு வந்து நிற்கலாம் என்று மாஸ்டர் தெருவைக் கடந்தார். பூட்டைப் பூட்டும்போது ஒலிபெருக்கி பேசியது. “துணி போட்டவங்க யாரும் இதுவரைக்கும் வரல. முன் வரிசையில இனி யார் வேணும்னாலும் உக்காரலாம்.”

மாஸ்டர் ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். அவர் வாசற்படியில் கால் வைக்கவும் வாட்ச்மேன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடவும் சரியாக இருந்தது.

“திற கதவை!”

“பாட்டு ஆரம்பிச்சிட்டா கதவைத் திறக்கக் கூடாது மாஸ்டர்.”

“அதுவும் தீர்மானமா?”

“அதுவும் உங்க தீர்மானம்தான்.”

மாஸ்டர் பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மேடை முழுதாகத் தெரியவில்லை. மகளின் ஒரு காதும் கொஞ்சம் கன்னமும் தெரிந்தன. அவள் எவ்வளவு திரும்பினாலும் அவரைப் பார்க்க முடியாது. அவள் பாட ஆரம்பித்தாள். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது நெருங்கியது. வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வாயசைத்துப் பார்த்தார், கையசைத்துப் பார்த்தார். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. சுவர் ஓரமாகப் போன இரண்டு பேர் பார்த்துவிட்டு எட்டிப்போனார்கள்.

அவள் தடுமாறவில்லை. மூன்றாவது சரணத்தை அவ்வளவு நிதானமாக, அவ்வளவு சுகமாகப் பாடினாள். இந்தக் குரல் இத்தனை நாள் வீட்டில் எங்கே இருந்தது என்று மாஸ்டருக்கே புரியவில்லை. பாட்டு முடிந்ததும் முன் வரிசையில் யார் யாரோ எழுந்து நின்று கைதட்டினார்கள். இசைக்குழு அம்மாளே மேடைக்கு ஏறிப் போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாஸ்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. கதவைத் திறந்துகொண்டு வந்த வாட்ச்மேன்மீது அவ்வளவையும் கொட்டினார்.

“பெத்த பொண்ணு முதல்முதலா மன்றத்து மேடையேறிப் பாடுறா. அதை அப்பன்காரன் ஜன்னல்ல தொங்கிட்டுத் திருடன் மாதிரி பாக்கணுமா? என் முகம் தெரியாம அந்தக் குழந்தை எப்படித் தவிச்சிருக்கும்? முன் வரிசை பூரா துணி போட்டு வச்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடுறேன்!”

வாட்ச்மேன் செருப்பைத் தேடி எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

“பாட்டு முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போச்சு மாஸ்டர், ‘எங்கப்பா முகம் எதிர்ல தெரிஞ்சா எனக்குப் பாட்டே மறந்துபோகும் அண்ணே’ன்னு மத்தியானமே சிநேகிதிங்க வீட்டுத் துணியெல்லாம் அள்ளிட்டு வந்து போட்டது உங்க பொண்ணுதான்.”